கொலம்பஸ் மூன்று உண்டு: அமெரிக்காவில் எந்த ஊருக்கு வேலைக்குப் போவது?

ஆஃபர் லெட்டரில் ஊர்ப் பெயர் ‘கொலம்பஸ்’ என்று இருந்தால், அதன் பின்னால் நிற்கும் இரண்டெழுத்து மாநிலச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள். அமெரிக்காவில் நம்மவர்களுக்கு வேலை தரக்கூடிய கொலம்பஸ் மூன்று உண்டு. ஒஹாயோவில் இருப்பது மாநிலத் தலைநகரம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 9 லட்சத்தைத் தாண்டியது. வங்கி, காப்பீடு, மிகப் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே ஊரில். இந்தியானாவில் இருப்பது ஐம்பதாயிரம் பேர் வாழும் சிற்றூர். 1919-இல் தொடங்கிய கம்மின்ஸ் டீசல் இன்ஜின் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். ஜார்ஜியாவில் இருப்பது இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர். அஃப்லாக் காப்பீட்டு நிறுவனத்தின் தாய்வீடு, பக்கத்திலேயே பெரிய ராணுவ முகாம்.

இன்ஜின் வடிவமைப்பில் பத்து வருட அனுபவம் உள்ளவருக்கு இந்த மூன்றில் மிகச் சிறிய கொலம்பஸ்தான் பொருத்தமான இடம். ஜாவா எழுதுகிறவருக்கு அதே ஊர் சிக்கலாகலாம். அந்த ஒரு வேலை போனால் அடுத்த வேலைக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி இந்தியானாபொலிஸ் போக வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான்: முதல் வேலை தரும் ஊரா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த வேலை போய்விட்டால் இரண்டாவது வேலை தரும் ஊரா என்று பார்த்து முடிவெடுங்கள். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி அது. அதற்குள் புது நிறுவனம் உங்களுக்காக மனு போட வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு மாற நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் கிளம்ப வேண்டும். பிள்ளையின் பள்ளியை மாற்றாமல், வீட்டைக் காலி செய்யாமல், அதே காரில் போய்வரும் தூரத்தில் அடுத்த வேலை இருக்கிற ஊரில் அந்த 60 நாளைத் தாங்கிவிடலாம். ஒரே நிறுவனத்தை நம்பி நிற்கும் ஊரில் அதே 60 நாளில் வேலையும் தேட வேண்டும், வீட்டையும் கட்டித் தூக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாகப் போடும் எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஆணை பிறப்பித்தார். அதன்பின், ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் வெளியேறாமல் உள்ளேயே அடுத்த வேலையைப் பிடிப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

‘எந்த ஸ்டேட்?’ என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும்

“பையன் டெக்சாஸில் இருக்கான்” என்று நம் வீடுகளில் சொல்வோம். டெக்சாஸ் பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். மேற்கு மூலையில் இருக்கும் எல் பாசோவிலிருந்து ஹூஸ்டன் போய்ச் சேர சுமார் 1,200 கிலோமீட்டர். அந்த மாநிலத்தின் பெயர் சம்பளத்தில் மாநில வரி பிடிப்பார்களா என்று சொல்லும். வேலை எப்படி என்று சொல்லாது.

ஒரு மாநிலத்தில் ‘பிரபலமான ஊர்’ என்று மூன்று இருக்கும். மக்கள்தொகையில் முதலிடம் ஒன்று, தலைநகரம் ஒன்று, உங்கள் தொழில் குடியிருக்கும் ஊர் ஒன்று. ஜார்ஜியாவில் அட்லாண்டா, மாசசூசெட்ஸில் பாஸ்டன், கொலராடோவில் டென்வர் என்று சில மாநிலங்களில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அமைந்துவிடும். பெரும்பாலான மாநிலங்களில் அப்படி இல்லை. நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம் ஆல்பனி. வாஷிங்டன் மாநிலத்துக்கு ஒலிம்பியா, இல்லினாய்க்கு ஸ்பிரிங்ஃபீல்டு.

ஃப்ளோரிடாவில் மக்கள்தொகையில் முதல் ஊர் மயாமி என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஜாக்சன்வில்தான் முதலிடம், 2020 கணக்கெடுப்பில் 9.5 லட்சம். 1968-இல் அந்த நகரத்தையும் டுவால் கவுன்ட்டியையும் ஒரே நிர்வாகமாக இணைத்துவிட்டதால் நகர எல்லை விரிந்தது, தலைக்கணக்கும் கூடியது. மயாமி நகர எல்லைக்குள் வாழ்பவர்கள் 4.4 லட்சம்தான், ஆனால் சுற்றுவட்டாரத்தைச் சேர்த்தால் 60 லட்சத்தைத் தாண்டும். அட்லாண்டாவும் இப்படித்தான்: நகரத்துக்குள் 5 லட்சம், பெருநகரப் பகுதியில் 60 லட்சம். ஆகவே ஊர்களின் மக்கள்தொகைப் பட்டியலை வைத்துக்கொண்டு வேலைச் சந்தையை அளக்க முடியாது. ‘மெட்ரோ ஏரியா’ என்று போட்டுத் தேடுங்கள்.

சட்டமும் அந்தப் பெருநகரப் பகுதியைத்தான் பார்க்கிறது. எச்-1பிக்கு முன்னால் உங்கள் நிறுவனம் தொழிலாளர் துறையில் போடும் எல்.சி.ஏ. விண்ணப்பத்தில் பணியிட முகவரி இருக்கும். அந்தப் பகுதியில் உங்கள் வேலைக்கு நடப்பிலுள்ள சம்பளம் நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டிருக்கும். அதற்குக் குறைத்துத் தர முடியாது. அதே நிறுவனம், அதே வேலை, அதே மேனேஜர் என்றாலும் டல்லாஸிலிருந்து ஹூஸ்டனுக்குப் பணியிடம் மாறினால் திருத்த மனு போட்டுவிட்டுத்தான் அங்கே வேலையைத் தொடங்க வேண்டும். 2015-இல் வந்த ஒரு தீர்ப்பு இதை உறுதியாக்கியது. ‘வீட்டிலிருந்துதானே வேலை, எங்கிருந்து செய்தால் என்ன’ என்று வேறு மாநிலத்துக்கு வீடு மாறுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தால் அந்த வீடுதான் பணியிடம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் கிரீன் கார்டு படியில் வந்து நிற்கும்.

டெக்சாஸ்: ஒரு மாநிலம், நான்கு தொழில்

2020 மக்கள்தொகை வரிசையில் ஹூஸ்டன் 23 லட்சம், சான் அன்டோனியோ 14 லட்சம், டல்லாஸ் 13 லட்சம், ஆஸ்டின் 9.6 லட்சம். வேலை தேடுகிறவருக்கு இந்த வரிசையால் பயனில்லை.

குடும்பத்தோடு போகிற சாதாரண சாஃப்ட்வேர் ஊழியருக்கு, டெக்சாஸில் ஒரு பெயர் சொல்லுங்கள் என்றால் டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த் வட்டாரத்தைத்தான் சொல்வேன். வேலை பெரும்பாலும் டல்லாஸ் நகரத்துக்குள் இல்லை. வடக்கே பிளேனோ, ஃப்ரிஸ்கோ, மேற்கே இர்விங் பக்கம். டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017-இல் கலிஃபோர்னியாவிலிருந்து பிளேனோவுக்கு மாற்றியது. ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனம் டல்லாஸில். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஃபோர்ட் வொர்த்தில். பெரிய வங்கிகளின் பின்னணி அலுவலகங்கள் பிளேனோவில். சிப் தொழிலுக்கு இங்கே வேர் ஆழம்: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி 1958-இல் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டியது டல்லாஸில்தான். கார், தொலைபேசி, விமானம், வங்கி, சிப் என்று ஐந்து தொழிலும் ஒரே சமயத்தில் படுப்பது அரிது. ஒன்று ஆள் குறைக்கும்போது இன்னொன்று எடுத்துக்கொண்டிருக்கும். இந்த ஊரின் உண்மையான பலம் அதுதான்.

ஹூஸ்டனில் நிறுவனங்களின் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. எக்ஸான்மொபில் தலைமையகம் இப்போது ஹூஸ்டன் வட்டாரத்தில். செவ்ரானும் கலிஃபோர்னியாவிலிருந்து ஹூஸ்டனுக்கு மாறப்போவதாக 2024-இல் அறிவித்தது. ஆனால் பத்துக் கம்பெனி இருந்தும் தொழில் ஒன்று என்றால், விலை விழும்போது பத்தும் சேர்ந்தே ஆள் குறைக்கும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் எதிர்கால விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போய் பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலரைத் தொட்டது. அந்த வருடத்தில் எண்ணெய்க் கம்பெனிகளில் இருந்தவர்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை காத்திருக்கவில்லை. கெமிக்கல், பெட்ரோலியம், பைப்பிங் இன்ஜினியர்களுக்கு ஹூஸ்டனை விட்டால் வேறு ஊர் இல்லை என்பதும் உண்மை. போங்கள், ஆனால் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஹூஸ்டனின் இன்னொரு முகம் மருத்துவம். டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் உலகின் மிகப் பெரிய மருத்துவ வளாகம்; எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் அதற்குள்தான் இருக்கிறது. ஆய்வகப் பணியாளர், உயிர்ப்புள்ளியியல் படித்தவர், மருத்துவமனை மென்பொருள் தெரிந்தவர் ஆகியோருக்கு எண்ணெய் விலை ஒரு பொருட்டில்லை. தெற்கே பேர்லேண்டில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, அதைச் சுற்றி நம்மவர் குடியிருப்பும் உண்டு. வீடு பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: 2017 ஹார்வி புயலில் மூழ்கிய தெருக்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். முகவரியைப் போட்டு அரசின் வெள்ள அபாய வரைபடத்தைப் பார்க்காமல் வாடகை ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆஸ்டினில் டெல் (பக்கத்து ரவுண்ட் ராக்கில்), சாம்சங் சிப் ஆலை, 2021-இல் தலைமையகத்தோடு வந்த டெஸ்லா. சர்வீஸ் கம்பெனி வேலையை விட்டு புராடக்ட் கம்பெனிக்கு நகர நினைப்பவர்களுக்கு நல்ல ஊர், ஆனால் டல்லாஸைவிடச் சிறிய சந்தை. சான் அன்டோனியோவில் ராணுவமும் சைபர் பாதுகாப்பும் பெரிது. அந்த வேலைகளில் பலவற்றுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அது பொதுவாகக் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். விளம்பரத்தில் ‘கிளியரன்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்தால் விசாவில் இருப்பவர் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடலாம்.

கலிஃபோர்னியாவின் ரகசியம் சம்பளத்தில் இல்லை

சிலிக்கான் வேலியின் பெரிய ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ இல்லை, சான் ஹோசே. 2020-இல் சான் ஹோசேயில் 10 லட்சம் பேர், சான் ஃபிரான்சிஸ்கோவில் 8.7 லட்சம். ஆப்பிள் கூப்பர்டினோவில், கூகுள் மவுன்டன் வியூவில், மெட்டா மென்லோ பார்க்கில். நம்மவர் வாடகைக்குப் போய் நிற்பது பெரும்பாலும் சன்னிவேல், சான்டா கிளாரா, ஃப்ரீமான்ட் பக்கம்.

அங்கே வாடகை கொடுத்து மாளாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வேலையை விட்டுப் போனால் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று ஊழியரிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில் செல்லாது. 1872-லிருந்தே அந்த மாநிலச் சட்டத்தில் இருக்கும் பிரிவு இது. 1957-இல் ஷாக்லி என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தை விட்டு எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அங்கிருந்து ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968-இல் வெளியேறி இன்டெலைத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியில் ராஜினாமா செய்துவிட்டுத் திங்கட்கிழமை எதிர்வீட்டுக் கம்பெனியில் சேரலாம் என்ற பழக்கம் அந்தப் பள்ளத்தாக்கில் இப்படித்தான் ஊறியது. இரண்டாவது வேலை என்று நான் சொல்கிறேனே, அதற்குச் சட்டமே துணை நிற்கும் இடம் அது. மினசோட்டாவும் 2023 ஜூலையிலிருந்து இத்தகைய புதிய ஒப்பந்தங்களைத் தடை செய்திருக்கிறது. வேறு மாநிலத்தில் ஆஃபர் வந்தால் ‘நான்-கம்பீட்’ என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். எத்தனை மாதம், எத்தனை மைல் என்று பாருங்கள்.

ஆனால் கலிஃபோர்னியாவுக்கும் ஹூஸ்டனின் நோய் உண்டு. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும் 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரையும் உலகளவில் குறைத்தன. அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் ஒரே சமயத்தில் வேலை தேடினார்கள். சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் உள்ளே நாற்காலி வேண்டுமே. வாடகையோ வேலை போனதைக் கேட்டு இறங்காது.

தெற்கே சான் டியேகோவில் 1985-இல் தொடங்கிய குவால்காமும், கடற்படையும், உயிரித் தொழில்நுட்பமும். லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் சினிமாதான் நினைவுக்கு வரும். ஆனால் விண்வெளி, பாதுகாப்புத் தொழில், நாட்டின் மிகச் சுறுசுறுப்பான இரட்டைத் துறைமுகங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. சப்ளை செயின் படித்தவர்கள் லாங் பீச் பக்கம் ஒரு கண் வைக்கலாம். தலைநகரம் சாக்ரமென்டோவில் மாநில அரசின் புராஜெக்டுகள் உண்டு; வாடகை சிலிக்கான் வேலியைவிடக் குறைவு, வளர்ச்சி மெதுவாக இருக்கும்.

நியூயார்க்கில் வேலை, நியூஜெர்சியில் வீடு

2020 கணக்கெடுப்பில் நியூயார்க் நகரத்தில் 88 லட்சம் பேர். நாட்டின் எந்த ஊரும் பக்கத்தில் வர முடியாது. வங்கி, பங்குச் சந்தை, ஊடகம், விளம்பரம், மருத்துவமனை என்று இரண்டாவது வேலை மட்டுமில்லை, ஐந்தாவது வேலைகூட அதே ரயில் பாதையில் கிடைக்கும் ஊர் இது ஒன்றுதான். காரே இல்லாமல் வாழலாம் என்பதும் பெரிய சேமிப்பு.

இங்கே வரிக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நகரத்துக்குள் குடியிருந்தால் மத்திய வரி, நியூயார்க் மாநில வரி, அதற்கு மேல் நகர வருமான வரி என்று மூன்று அடுக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்சி சிட்டியில் குடியிருந்து மன்ஹாட்டனில் வேலை செய்தால் நகர வரி இல்லை. நியூயார்க் மாநில வரி உண்டு. அதை நியூஜெர்சி வரியில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு மாநிலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், முதல் வருடம் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

நியூஜெர்சியை வெறும் படுக்கையறையாகப் பார்ப்பது தவறு. மக்கள்தொகையில் முதல் ஊர் நியூவார்க். ஆனால் மருந்துத் துறையில் இருப்பவருக்கு நியூ பிரன்ஸ்விக்கில் ஜான்சன் அண்டு ஜான்சன், ராவேயில் மெர்க் என்று ஒரே நெடுஞ்சாலை வட்டாரத்தில் பெரிய பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. எடிசனில் ஓக் ட்ரீ ரோடு முழுக்க இந்தியக் கடைகள். நியூஜெர்சியில் சொத்து வரி நாட்டிலேயே மிக அதிகம், வீடு வாங்குவதற்கு முன் அதைக் கூட்டிப் பாருங்கள்.

மற்ற மாநிலங்களில் ஒரு வேக நடை

வட கரோலினாவில் மக்கள்தொகையில் முதல் ஊர் சார்லட். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகம் அங்கே. வங்கித் தொழில்நுட்பம் தெரிந்தவர் சார்லட்டுக்குப் போகலாம். மற்றவர்களுக்கு ராலே–டர்ஹம்–கேரி. மூன்று பல்கலைக்கழகங்களுக்கு நடுவே 1959-இல் உருவாக்கிய ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் ஐபிஎம் 1965-லிருந்தே இருக்கிறது. சாஸ் நிறுவனம் கேரியில். மென்பொருளும் மருந்தும் கலந்த சந்தை. கணவன் ஐ.டி., மனைவி கிளினிக்கல் ரிசர்ச் என்ற ஜோடிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. ஒரே சம்பளம் வரும் வீடுகள் பலவற்றில் துணைவரின் தொழிலையும் ஊரோடு சேர்த்து யோசிக்காததுதான் குறை.

வாஷிங்டன் மாநிலத்தில் எல்லோரும் சியாட்டில் என்பார்கள். மைக்ரோசாஃப்ட் இருப்பது ஏரிக்குக் கிழக்கே ரெட்மண்டில். 1975-இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் பிறந்த நிறுவனம் அது. 1979-இல் பெல்வியூவுக்கு வந்தது. நிறுவனர்களுக்குச் சொந்த வட்டாரம் என்பதுதான் பெரிய காரணம். அந்த ஒரு இடமாற்றத்தைப் பின்தொடர்ந்து வேலைகளும் அந்த மூலையில் குவிந்தன. அமேசானும் போயிங்கும் சேர்ந்தால் சந்தை பெரிது. சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் இல்லை.

மிச்சிகனில் டெட்ராய்ட் என்ற பெயரை வைத்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். 1950-இல் 18.5 லட்சம் பேர் இருந்த நகரம் 2020-இல் 6.4 லட்சத்துக்குச் சுருங்கியது. 2013-இல் நகராட்சி திவால் ஆனது. ஆனால் கார்த் தொழில் நகர எல்லைக்கு வெளியே டியர்பார்னில் ஃபோர்டு, வாரனில் ஜெனரல் மோட்டார்ஸின் தொழில்நுட்ப மையம், டிராய், நோவி, ஃபார்மிங்டன் ஹில்ஸில் உதிரிபாக நிறுவனங்கள் என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள கார்த் தொழிற்சாலைகளில் பழகிய கை அங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

பென்சில்வேனியாவில் பிலடெல்ஃபியா பெரிது, மருந்தும் மருத்துவமனையும் உண்டு. நகரத்துக்குத் தனியாக ஊதிய வரி உண்டு. எனக்கு என்னவோ பிட்ஸ்பர்க் மீது தனிப் பிரியம். 1980-களில் எஃகு ஆலைகள் மூடிய பிறகு எழாது என்று நினைத்த ஊர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தையும் மருத்துவமனைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தது. ரோபாடிக்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் பெயராக இதைச் சொல்வேன். 1976-இல் குடமுழுக்கு கண்ட வேங்கடேஸ்வரர் கோயிலும் அங்கே.

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் 16 லட்சத்தைத் தாண்டி, பிலடெல்ஃபியாவை முந்தி நாட்டின் ஐந்தாவது பெரிய நகரமானது. சாண்ட்லரில் இன்டெல், வடக்கே தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலை. சிப் தொழிலுக்கு இப்போது சூடான ஊர், வெயிலும் அப்படித்தான். 2023-இல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொளுத்தியது. வயதான பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதையும் எண்ண வேண்டும்.

இல்லினாயில் சிகாகோ 27 லட்சம். குடும்பங்கள் நேப்பர்வில், ஷாம்பர்க், அரோரா பக்கம் போகின்றன. டென்னசியில் மருத்துவமனை நிர்வாகத் தொழில் நாஷ்வில்லில், சரக்குப் போக்குவரத்து மெம்ஃபிஸில் ஃபெட்எக்ஸைச் சுற்றி. வர்ஜீனியாவில் மக்கள்தொகையில் முதல் ஊர் வர்ஜீனியா பீச். வேலை வடக்கே ஆர்லிங்டன், ஃபேர்ஃபேக்ஸில், அதில் பெரும்பங்கு மத்திய அரசு ஒப்பந்தம். கனெக்டிகட்டில் காப்பீடு என்றால் ஹார்ட்ஃபோர்டு. யூட்டாவில் வேலை இருப்பது சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே லீஹையில்.

நர்ஸ்களுக்குக் கணக்கே வேறு. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒரே உரிமத்தை ஏற்கும் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை. சம்பளத்தில் கலிஃபோர்னியாதான் முதலிடம், ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்று மாநிலம் முழுக்க முதன்முதலில் சட்டம் போட்டு 2004-இல் அமல்படுத்தியதும் அதுதான். ஆனால் அந்த மாநில உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும். முதல் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அடுத்து எங்கே போவோம் என்று யோசித்து வாங்குங்கள்.

ஒரே கம்பெனி ஊருக்குப் போகலாமா?

ஆர்கன்சாஸின் தலைநகரமும் பெரிய ஊரும் லிட்டில் ராக். ஆனால் நம்மவர்கள் போவது வடமேற்கு மூலையில் இருக்கும் பென்டன்வில், வால்மார்ட்டின் தலைமையகம். 2024-இல் வால்மார்ட் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களையும் டல்லாஸ், அட்லாண்டா அலுவலக ஊழியர்களையும் பெரும்பாலும் பென்டன்வில்லுக்கு வரச் சொன்னது. டல்லாஸில் வீடு வாங்கியவர்கள் அந்த முடிவை மறுபடி யோசித்துப் பார்த்திருப்பார்கள். மினசோட்டாவின் ரோச்செஸ்டரில் மேயோ கிளினிக், இல்லினாயின் புளூமிங்டனில் ஸ்டேட் ஃபார்ம் காப்பீடு, விஸ்கான்சினில் மேடிசனை ஒட்டிய வெரோனாவில் எபிக் மருத்துவ மென்பொருள். ரோச்செஸ்டர் என்றதும் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

இந்த ஊர்களில் வாடகை குறைவு, அலுவலகத்துக்குப் பத்து நிமிடம், பள்ளி நன்றாக இருக்கும், கையில் பணம் நிற்கும். இளம் வயதில் மூன்று நான்கு வருடம் இருந்து சேமித்து, ஒரு துறையை ஆழமாகக் கற்றுக்கொள்ள நல்ல இடங்கள். அங்கே வீடு வாங்குவதை மட்டும் கிரீன் கார்டு கைக்கு வரும்வரை தள்ளிப் போடுங்கள் என்பேன். பென்டன்வில் இதில் கொஞ்சம் விதிவிலக்கு: வால்மார்ட்டுக்குப் பொருள் விற்கும் நிறுவனங்கள் பல அங்கே அலுவலகம் வைத்திருக்கின்றன, ஸ்பிரிங்டேலில் டைசன் ஃபுட்ஸ், லோவெல்லில் ஜே.பி. ஹன்ட் லாரிப் போக்குவரத்து நிறுவனம் என்று மாற்று வழியும் உண்டு.

தொழிற்சாலை வரப்போகிறது என்ற செய்தியை நம்பி ஊர் மாறவே மாறாதீர்கள். ஒஹாயோவின் கொலம்பஸ் அருகே இன்டெல் மாபெரும் சிப் ஆலை கட்டும் என்று 2022 ஜனவரியில் அறிவிப்பு வந்தது, 2025-இல் உற்பத்தி என்றார்கள். 2025 பிப்ரவரியில் அது 2030-க்கு மேல் என்று தள்ளிப்போனது. அந்தச் செய்தியை மட்டும் நம்பி வந்தவர் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஒரு மாலை

டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன், டென்னசி, நெவாடா உட்பட ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியாவின் உச்ச விகிதம் 13.3 சதவீதம், அது பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவருக்கு, உங்கள் சம்பளத்துக்கு அதைவிடக் குறைவுதான். பென்சில்வேனியாவில் எல்லோருக்கும் 3.07. ஒஹாயோ ஊர்கள் பலவற்றில் நகராட்சியே தனியாக வருமான வரி பிடிக்கும். வருமான வரி இல்லாத டெக்சாஸ் அதைச் சொத்து வரியில் வாங்கிக்கொள்ளும். எந்த ஊரையும் வரியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். சம்பளம், வாடகை, வரி, கார் நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள்.

சம்பளம் பேசுவதற்கு ஒரு உதவி: கொலராடோவில் 2021-லிருந்தும், கலிஃபோர்னியா, வாஷிங்டன், நியூயார்க் மாநிலங்களில் 2023-லிருந்தும் வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைப் போட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வேறு மாநிலத்துக்குப் போவதாக இருந்தாலும், அதே நிறுவனம் டென்வரில் அதே பதவிக்குக் கொடுத்த விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். பேசுவதற்குக் கையில் ஒரு எண் கிடைக்கும்.

பிறகு, வேலை தேடும் தளத்தில் உங்கள் பதவியைப் போட்டு, ஆஃபரில் உள்ள அலுவலகத்தின் அஞ்சல் குறியீட்டைச் சுற்றி 25 மைல் என்று தேடுங்கள். எத்தனை விளம்பரம் என்று எண்ண வேண்டாம். எத்தனை வெவ்வேறு நிறுவனம் என்று எண்ணுங்கள், ஒரே க்ளையன்ட்டின் வேலையைப் பத்துக் கன்சல்டன்சி போட்டிருக்கும். அந்த நிறுவனங்கள் எத்தனை தொழில்களைச் சேர்ந்தவை என்று பக்கத்தில் குறியுங்கள். விசா தருவதாகச் சொல்பவை எத்தனை என்று இன்னொரு கோடு. பத்துக்குக் குறைவாக வந்தால் அந்த ஊருக்குப் போகும்போதே சேமிப்பைக் கூட்டி வைக்க வேண்டும் என்று அர்த்தம். ஏனென்றால் மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், ஒப்பந்தத்தில் வேறு ஏதும் இல்லையென்றால், காரணம் சொல்லாமலே ஊழியரை அனுப்பிவிடலாம்.

கடைசியாக எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல். என் எல்.சி.ஏ.வில் எந்தப் பணியிட முகவரி போடுகிறீர்கள்? வாரத்தில் எத்தனை நாள் அந்த அலுவலகத்துக்கு வர வேண்டும்? ஊர் மாறும் செலவைத் தருகிறீர்கள் என்றால், ஒரு வருடத்துக்குள் நீங்களே என்னை அனுப்பினாலும் நான் அதைத் திருப்பித் தர வேண்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் போனில் சொன்னால் போதாது, எழுத்தில் வரட்டும். வந்த பிறகு வீட்டு வாடகை பாருங்கள்.